பைத்தானில் சாவியிட்ட ஹேஷ்: கோமதியும் கோமதியும் ஒன்றாவது எப்படி?

தனித்தனியே ரத்ததான முகாம் நடத்திவரும் இரண்டு தன்னார்வக் குழுக்கள், தங்கள் கொடையாளர்களில் எத்தனை பேர் இரண்டு பட்டியல்களிலும் இருக்கிறார்கள் என்று அறிய விரும்பின. பட்டியலை அடுத்தவர் கையில் கொடுக்க இரு தரப்புக்கும் மனமில்லை. எண்ணிச் சொல்லும் வேலையை ஏற்ற எனக்கும் அந்தப் பெயர்களோ கைபேசி எண்களோ தேவையில்லை. கைபேசி எண்ணை மட்டும் ஒப்பிட்டாலும் கணக்கு சரியாக வராது, ஏனெனில் ஒரே எண்ணைக் கணவன், மனைவி, மகன் என்று வீட்டில் எல்லோருமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனவே எண்ணையும் பெயரையும் சேர்த்து, ஆளுக்கொன்றாக ஓர் அடையாளக் குறியை உருவாக்கி, அந்தக் குறிகளை மட்டும் என்னிடம் தரச் சொல்வது என்று முடிவானது. பைத்தான் நிரல்மொழியில் இதற்கான அழைப்பு ஒரே ஒரு வரிதான். அந்த வரிக்குள் எந்தெந்த பைட்டுகள் போகின்றன என்பதைத் தீர்மானிப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி இருந்தது.

ஹேஷ் என்பது எந்த உள்ளீட்டையும் குறிப்பிட்ட நீளமுள்ள குறியாக மாற்றும் கணக்கு; ஒரே உள்ளீடு எப்போதும் ஒரே குறியைத் தரும். முதலில், ரகசியச் சாவியே இல்லாத சாதாரண ஹேஷ் ஏன் போதாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் குழுவில் ஒருவர் ‘ஷா-256 போட்டால் போதுமே, அதைத்தான் திருப்ப முடியாதே’ என்று பரவலான ஹேஷ் முறை ஒன்றைச் சொல்லிக் கேட்டார். திருப்ப முடியாது என்பது சரி, ஆனால் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. இந்தியக் கைபேசி எண் 10 இலக்கம் கொண்டது. 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தச் சாத்தியங்கள் 400 கோடிதான். அத்தனைக்கும் ஷா-256 கணக்கிட்டு அட்டவணை போட்டுக்கொள்வது ஒரு நல்ல கிராபிக்ஸ் அட்டைக்குப் பெரிய காரியமே அல்ல. பெயரைச் சேர்த்தாலும், புழக்கத்தில் உள்ள பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடலைத் தொடரலாம். நியூயார்க் நகரத்து டாக்சிப் பயணத் தரவு 2014இல் வெளியானபோது நடந்ததும் இதுதான். 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்களில் வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் எம்டி5 என்ற பழைய முறையில் ஹேஷாக மாற்றப்பட்டிருந்தன. அந்த எண்கள் குறிப்பிட்ட சில வடிவங்களில் மட்டுமே அமையும் என்பதால், விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருளாளர் சாத்தியமான எல்லாவற்றையும் ஹேஷ் செய்து பார்த்து முழுத் தரவையும் வெகு சீக்கிரத்தில் அவிழ்த்துக் காட்டினார். அங்கே எம்டி5க்குப் பதில் ஷா-256 இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

உள்ளீட்டோடு ஒரு ரகசியச் சாவியும் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. சாவி தெரியாதவர் 400 கோடி எண்களை வைத்துக்கொண்டும் ஒன்றும் செய்ய முடியாது. சாவி தெரிந்தவர் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம் என்பதையும் இதோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அதனால் நாங்கள் செய்த ஏற்பாடு இது: சாவி அந்த இரண்டு குழுக்களிடம் மட்டும் இருக்கும், நிரலை அவர்கள் தங்கள் கணினியிலேயே ஓட்டுவார்கள், குறிகள் மட்டும் என்னிடம் வரும்.

சாவியை உள்ளீட்டின் முன்னால் ஒட்டி அப்படியே ஷா-256 எடுத்துவிடலாம் என்று முதலில் தோன்றுவது இயல்பு, ஆனால் அது பாதுகாப்பானதல்ல. எம்டி5, ஷா-1, ஷா-256 ஆகிய மூன்றும் உள்ளீட்டைத் துண்டு துண்டாக விழுங்கி, கடைசியில் தங்கள் உள்நிலையையே (அதுவரை நடந்த கணக்கின் மதிப்பையே) விடையாக வெளியே தருகின்றன. ஆகவே விடையைக் கையில் வைத்திருப்பவர், சாவி தெரியாமலேயே, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து மேலும் சில பைட்டுகளைச் சேர்த்து, சரியான புதிய விடையைப் பெற்றுவிட முடியும். ஃப்ளிக்கர் என்ற படத்தளத்தின் நிரல் இடைமுகம் இப்படித்தான் எம்டி5க்கு முன்னால் ரகசியத்தை ஒட்டிக் கையொப்பம் இட்டுவந்தது. 2009இல் தாய் துவாங், ஜூலியானோ ரிஸ்ஸோ ஆகிய இருவரும் அதை உடைத்துக் காட்டினார்கள். இத்தனைக்கும், இதைத் தவிர்க்கும் ஹெச்மேக் முறையை பெல்லாரே, கனெட்டி, கிராசிக் ஆகிய மூவரும் 1996லேயே வெளியிட்டிருந்தார்கள்; 1997இல் அது ஆர்எஃப்சி 2104 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும் வந்துவிட்டது. ஹெச்மேக்கில் சாவி இரண்டு முறை கலக்கிறது: 36 என்ற ஹெக்ஸ் (பதினாறடிமான) மதிப்போடு கலந்த சாவி உள்சுற்றிலும், 5சி என்ற மதிப்போடு கலந்த சாவி வெளிச்சுற்றிலும். உள்நிலை வெளியே தெரிய வழியில்லை.

பைத்தானில் ஹெச்மேக் தொகுதி மிகப் பழையது. அதற்குச் சாவி, செய்தி, எந்த ஹேஷ் என்ற மூன்றையும் கொடுக்க வேண்டும். முன்பு மூன்றாவதைக் கொடுக்காவிட்டால் சத்தமில்லாமல் எம்டி5ஐ எடுத்துக்கொள்ளும், 3.8ஆம் பதிப்பிலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டது. நல்ல மாற்றம். இன்னொரு வழி, 3.6ஆம் பதிப்பில் ஹேஷ்லிப் தொகுதிக்குள் வந்த பிளேக்2. இது 2012இல் ஓமாசன், நெவிஸ், வில்காக்ஸ்-ஓஹெர்ன், வின்னர்லைன் ஆகியோர் வடிவமைத்தது. சாவியை ஏற்கும் வசதி இதன் உள்ளேயே இருப்பதால் ஹெச்மேக் என்ற உறை தேவையில்லை. 64 பிட் கணினிகளுக்கு ஏற்ற பிளேக்2பி, 64 பைட் வரை சாவியையும் 64 பைட் வரை விடையையும் அனுமதிக்கிறது. சிறியதான பிளேக்2எஸ்ஸில் இரண்டுமே 32 பைட்.

நான் பிளேக்2பியைத் தேர்ந்தெடுத்ததற்கு வேகம் காரணமல்ல. சில ஆயிரம் வரிகளுக்கு வேகம் பொருட்டே இல்லை. அதில் ‘பெர்சன்’ என்றொரு அளபுரு (அழைப்போடு கொடுக்கும் மதிப்பு) இருக்கிறது. அதில் வேலையின் பெயரைக் கொடுத்துவிட்டால், அதே சாவியை நாளை வேறொரு பட்டியலுக்குப் பயன்படுத்தினாலும் குறிகள் இதனோடு பொருந்தாது. இரண்டு வேலைகளின் குறிகளை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. அதற்கு 16 பைட் இடம்தான் உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிமதிப்பும் (யூனிகோடு ஓர் எழுத்துக்கோ குறிக்கோ தரும் எண்) 3 பைட் எடுத்துக்கொள்வதால், தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுபவர் ஐந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வரும்.

விடையின் நீளத்தை 16 பைட் என்று வைத்தேன். ஹெக்ஸில் முதல் 8 எழுத்தை மட்டும் வெட்டிக்கொண்டால் கோப்பு சின்னதாக இருக்குமே என்று ஒரு யோசனை வந்தது. அது 32 பிட். ஒரு லட்சம் பதிவுகளிலேயே, வெவ்வேறு இருவருக்கு ஒரே குறி அமைவது சராசரியாக ஒரு முறையாவது நடந்துவிடும். ஒரு கோடி பதிவுகளென்றால் பதினோராயிரத்துக்கு மேல். 128 பிட்டில் இந்தக் கவலையே இல்லை. பிளேக்2இல் விடை நீளமும் கணக்கீட்டின் ஒரு பகுதி என்பதையும் கவனிக்க வேண்டும்: 16 பைட் கேட்டு வாங்கும் விடை, 64 பைட் விடையின் முதல் 16 பைட் அல்ல, முற்றிலும் வேறான மதிப்பு. ஒரு குழு முழு விடையை எடுத்து வெட்டியிருந்து, மற்றொரு குழு குட்டையாகக் கேட்டு வாங்கியிருந்தால் ஒரு வரிகூடப் பொருந்தாது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. பைத்தானில் எந்தத் தொகுதியும் வேண்டாமல் அழைக்கக்கூடிய ‘ஹேஷ்’ என்ற செயற்கூறும் எழுத்துச்சரங்களைப் பொறுத்தவரை உண்மையில் சாவியிட்டதுதான், ஆனால் அதன் பயன் வேறு. ஒரே ஹேஷில் வந்து மோதும் சாவிச்சொற்களை வேண்டுமென்றே அனுப்பி நிரலின் அகராதி அமைப்பை (சொல்லைக் கொண்டு மதிப்பைத் தேடும் அமைப்பை) முடக்கிவிடலாம் என்று கிராஸ்பியும் வாலக்கும் 2003லேயே எழுதினார்கள். பெர்ல் மொழி அப்போதே திருத்திக்கொண்டது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கிளிங்க், வேல்டே இருவரும் பிஹெச்பி, ஜாவா, பைத்தான், ரூபி எல்லாவற்றையும் அதே வழியில் முடக்க முடியும் என்று காட்டிய பிறகுதான் மற்ற மொழிகள் விழித்தன. அதன் விளைவாக ஓமாசனும் பெர்ன்ஸ்டைனும் 2012இல் உருவாக்கிய சிப்ஹேஷ் என்ற சாவியிட்ட ஹேஷ், பைத்தான் 3.4இல் இடம்பிடித்தது. அதன் சாவி நிரல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிதாகப் பிறக்கும். எனவே அதன் விடையைக் கோப்பில் எழுதிவைத்து மறுநாள் ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. அப்படி எழுதிவைத்திருக்கும் நிரல்களை இன்றும் பார்க்கிறேன்.

இனி பைட்டுகளுக்கு வருவோம். ஹேஷ்லிப் எழுத்துச்சரத்தை நேரடியாக ஏற்காது. பைட்டுகளாக மாற்றிக் கொடு என்று பிழை காட்டும். எல்லோரும் உடனே யூடிஎஃப்-8ஆகக் குறியாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு அது போதும். தமிழில் கோமதி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடு ஒரே குறிமதிப்பாகவும் வைத்திருக்கிறது, இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்ற இரண்டு குறிமதிப்புகளாகப் பிரித்து எழுதவும் இடம் தந்திருக்கிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் வகையில் பெயர் 15 பைட், இரண்டாவது வகையில் 18 பைட். ஹேஷுக்கு இவை இரண்டு வெவ்வேறு பெண்கள். பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளில் சில, கொம்பையும் காலையும் பிரித்தபடியே விட்டுவிடுகின்றன. ஒரு குழுவின் பட்டியல் அப்படி மாற்றப்பட்டது. மற்றது கைபேசியில் தட்டப்பட்டது. கொமதி, மொகன் என்று எவரும் தவறாக எழுதியிருக்கவில்லை. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

இதற்கு மருந்து, யூனிகோடுடேட்டா தொகுதியில் உள்ள ‘நார்மலைஸ்’. அதில் என்எஃப்சி வடிவத்தைக் கேட்டால் பிரிந்து கிடப்பவை ஒன்றுசேர்ந்துவிடும்: ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். குறியாக்கும் முன் ஒவ்வொரு பெயருக்கும் இதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் இது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. சௌந்தர்யாவை நம்மில் பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகச் ‘செளந்தர்யா’ என்றே தட்டுகிறோம். யூனிகோடின் கண்ணில் அது முறையான வேறு சொல், எனவே நார்மலைஸ் அதைத் தொடாது. கொம்போடு வரும் எழுத்தின் பின்னால் ளகரம் வந்தால் ஔகாரமாக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு விதி எழுதினால் வெள்ளியும் வெளியும் சிதைந்துபோகும். ளகரத்தின் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாதபோது மட்டும் மாற்று என்று எழுதி, மாறிய பெயர்களையெல்லாம் அந்தந்தக் குழுவினரே ஒரு முறை கண்ணால் பார்த்துக்கொள்ளும்படி அச்சிட்டுக் காட்டச் செய்தேன். முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, புள்ளி வைப்பதா வைக்காமல் விடுவதா என்பதற்கெல்லாம் ஹேஷில் விடை கிடையாது. முதலெழுத்தை இருவருமே நீக்கிவிடுவது என்று பேசி முடித்தோம். ஒரே எண்ணில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது அபூர்வம் என்பதால் அது கணக்கைக் கெடுக்காது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இன்னொரு தொல்லை. பைத்தானின் ‘ஸ்ட்ரிப்’ ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்கும். இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும் உடையாத வெற்றிடத்தையும் நீக்கும். ஆனால் அகலமே இல்லாத இணைப்புக் குறிகளை வெற்றிடமாகவே கருதாது. அவற்றைப் பெயர் சொல்லித்தான் நீக்க வேண்டும்.

கைபேசி எண்ணில் இதைவிடக் குறைவான சிக்கல்தான், ஆனால் ஒன்று மீட்க முடியாதது. நாட்டுக் குறியீடு 91, முன்னால் ஒரு சுழியம், நடுவில் இடைவெளி, கோடு ஆகியவற்றை நீக்கிவிட்டு 10 இலக்கம் இருக்கிறதா, முதல் இலக்கம் 6இலிருந்து 9க்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்செலில் 91ஐச் சேர்த்து 12 இலக்கமாக எழுதியிருந்தால், அது அந்த எண்ணை அடுக்குக்குறி வடிவத்தில் காட்டும். சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது காட்டியபடியே எழுதிவைக்கும். பின் இலக்கங்கள் போனது போனதுதான். அப்படிப்பட்ட வரியை எப்படியாவது ஒப்பேற்ற முயலாமல், நிரல் அங்கேயே நின்று வரி எண்ணைச் சொல்ல வேண்டும். சீர்ப்படுத்தும் நிரல் தாராளமாக இருக்கலாம், சரிபார்க்கும் நிரல் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தமிழ் இலக்கங்களில் எழுதிய எண்களையும் பைத்தானின் ‘இன்ட்’ சரியாகவே படிக்கும் என்பது ஒரு சின்ன மகிழ்ச்சி: ௯௮ என்று கொடுத்தால் 98 வரும். பத்தைக் குறிக்கும் ௰ஐக் கொடுத்தால் மட்டும் மறுத்துவிடும்.

இரண்டு புலங்களையும் எப்படி ஒட்டுவது? ஹேஷ் பொருளின் ‘அப்டேட்’டை இரண்டு முறை அழைத்து எண்ணையும் பெயரையும் தனித்தனியே ஊட்டினால், நடுவில் ஒரு தடுப்பு இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது, இரண்டும் ஒட்டிய ஒரே நீளச் சரமாகத்தான் உள்ளே போகும். எண் எப்போதும் 10 இலக்கம் என்பதால் இங்கே குழப்பம் வராது. ஆனால் நாளை ஊர்ப் பெயரையும் சேர்க்கலாம் என்று யாராவது நினைத்தால், பெயரின் வால் ஊரின் தலையாகிவிடும். அமேசான் இணையச் சேவைகளின் முதல் கையொப்ப முறையில் அளபுருக்களின் பெயர்களும் மதிப்புகளும் இடையில் எதுவுமின்றி ஒட்டப்பட்டிருந்ததால், வேறு வேறு கோரிக்கைகளுக்கு ஒரே கையொப்பம் அமைய முடிந்தது. காலின் பெர்சிவல் 2008இல் அதைச் சுட்டிக்காட்டினார். அங்கேயும் ஹெச்மேக் பழுதில்லாமல்தான் இருந்தது. நான் ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் அதன் பைட் நீளத்தை 4 பைட்டில் எழுதிவிடுகிறேன். பிரிக்கும் குறியாக நெடுங்கோட்டைப் போடலாம், ஆனால் அது உள்ளடக்கத்தில் வரவே வராது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும்.

சாவியைப் பற்றி. ‘சீக்ரெட்ஸ்’ தொகுதியிலிருந்து 32 பைட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். யாரும் யோசித்து எழுதும் கடவுச்சொல் வேண்டாம். அதை ஹெக்ஸாக எழுதினால் 64 எழுத்து. அந்த 64 எழுத்தையே சாவியாகக் கொடுப்பதும், அதை 32 பைட்டாகத் திருப்பிக் கொடுப்பதும் வேறு வேறு. இரண்டையும் பிளேக்2பி மறுபேச்சில்லாமல் ஏற்கும், ஏனெனில் இரண்டுமே 64 பைட் வரம்புக்குள் அடங்குகின்றன. எனவே எது என்பதை நிரலுக்குள்ளேயே தீர்மானித்துவிட வேண்டும். இதைவிட ஆபத்தானது வெற்றுச் சாவி. சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே கணினியில் வைத்திருக்கும் மதிப்பிலிருந்து) சாவியைப் படிக்கும்போது, அது இல்லாவிட்டால் வெற்றுச் சரத்தை எடுத்துக்கொள் என்று எழுதுவது பலருக்கும் கைப்பழக்கம். பிளேக்2வுக்கு வெற்றுச் சாவி என்றால் சாவி இல்லை என்றே பொருள். பிழை எதுவும் காட்டாமல் சாதாரண ஹேஷைத் தந்துவிடும், குறிகளும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அந்தக் கோப்பைக் கைக்கொண்டவர் 400 கோடிக் கணக்கைப் போட்டுவிடலாம். சாவி சரியாக 32 பைட் இல்லையென்றால் நிரல் தொடங்கவே கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவைத்தேன்.

ஹெச்மேக் இந்த விஷயத்தில் இன்னும் தாராளம். 64 பைட்டுக்கு மேற்பட்ட சாவியை, ஷா-256 உடன் பயன்படுத்தும்போது, முதலில் ஹேஷ் செய்து சுருக்கிக்கொள்ளும். குறைவாக இருந்தால் சுழியங்களை இட்டு நிரப்பும். இதனால் ஒரு சாவியும், அதன் கடைசியில் சுழிய பைட் ஒன்று சேர்ந்த சாவியும் ஒரே விடையைத் தரும். சாவி எப்போதும் ஒரே நீளமாக இருந்தால் இதனால் தீங்கில்லை. பிளேக்2 சாவியின் நீளத்தையும் கணக்கில் சேர்ப்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. 64 பைட்டைத் தாண்டினால் சுருக்கிக்கொள்ளாமல் மறுத்தும்விடும்.

குறிகளை ஒப்பிடுவது இந்த வேலையில் வெறும் கணச் செயல்பாடு. இரண்டு கோப்புகளையும் ‘செட்’ ஆக்கி வெட்டுக்கணம் எடுத்தால் முடிந்தது. ஆனால் யாரோ அனுப்பும் குறி சரியா என்று ஒரு சேவையகம் சோதிக்கும் இடங்களில், இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாமல் ஹெச்மேக் தொகுதியின் ‘கம்பேர்_டைஜஸ்ட்’டால் ஒப்பிட வேண்டும், எத்தனையாவது பைட்டில் வேறுபட்டது என்பது எடுத்துக்கொண்ட நேரத்தில் கசியாதபடி அது எழுதப்பட்டிருக்கிறது. அத்தகைய இடத்தில் வந்த ஜேசன் உடலை (எழுத்து வடிவில் அனுப்பிய தரவை) படித்துவிட்டு மீண்டும் எழுதி அதற்கு ஹேஷ் எடுக்கவும் கூடாது. பைத்தானின் ஜேசன் தொகுதி தமிழ் எழுத்துகளை இயல்பாகவே பின்சாய்வுக்கோடிட்ட எண்களாக மாற்றி எழுதும். காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளியும் விடும். அனுப்பியவர் கையொப்பமிட்டது அந்தப் பைட்டுகளுக்கு அல்ல.

இரண்டு குழுக்களும் நிரலை ஓட்டும் முன், இருவருக்கும் சோதனைக்கென்று ஒரு போலிச் சாவியும் சில போலி வரிகளும் அவற்றுக்குரிய குறிகளும் கொடுத்தேன். ஆர்எஃப்சி 4231இல் ஹெச்மேக்குக்கு இத்தகைய சோதனை மதிப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை எல்லாம் ஆங்கிலமும் வெறும் பைட்டுகளும்தான். நூலகம் சரியாக இருக்கிறதா என்பதை அவை சொல்லும், நம் சீர்ப்படுத்தல் சரியா என்பதைச் சொல்லாது. என் வரிகளில் 15 பைட் கோமதியும் 18 பைட் கோமதியும் இருந்தார்கள், செளந்தர்யாவும் சௌந்தர்யாவும் இருந்தார்கள், 91 போட்ட எண்ணும் போடாத எண்ணும் இருந்தன, மாறக்கூடாத வெள்ளையம்மாளும் இருந்தார். ஒரு குழுவில் நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் பிஹெச்பியில் தாமே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அங்கே சோடியம் நீட்டிப்பில் பிளேக்2பி இருக்கிறது, ஆனால் அதன் எளிய அழைப்பில் ‘பெர்சன்’ கொடுக்க இடமில்லை. இருவரும் வேறு வேறு மொழியில்தான் எழுதுவோம் என்றிருந்தால் நான் தயங்காமல் ஹெச்மேக்கும் ஷா-256உம் என்று மாற்றியிருப்பேன், வேலையின் பெயரை முதல் புலமாகச் சேர்த்திருப்பேன். அந்த இணை இல்லாத மொழியை நான் பார்த்ததில்லை. அவருடைய கணினியில் பைத்தான் ஏற்கெனவே இருந்ததால் அந்த மாற்றம் தேவைப்படவில்லை.